கொடைக்கானலுக்கு ஒரு மேற்கோள்

1909 ஜனவரி 5 அன்று கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் ஒரு சூரியப் புள்ளியின் நிறமாலையைப் படம் பிடித்தார். படத்தில் கோடுகள் லேசாக இடம் விலகியிருந்தன. புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதை அந்த விலகலிலிருந்து அவர் கண்டறிந்தார். இன்று உலகெங்கும் அதை எவர்ஷெட் விளைவு என்றே சொல்கிறார்கள். அதே மலையில் அவருடன் வாழ்ந்த அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளை ஆராய்ந்தவர். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் கவிதையிலுள்ள வானியலைப் பற்றித் தனி நூலே எழுதியவர். இப்படிப்பட்ட பெண்கள் கலைக்களஞ்சியங்களில் கணவர் பெயருக்குக் கீழே ஒரு வரியாகச் சுருங்கிவிடுவது உலக வழக்கம். அதை மாற்றவே 2014இல் நியூயார்க்கில் ‘ஆர்ட் பிளஸ் பெமினிசம்’ என்ற இயக்கம் தொடங்கியது. மாணவர்களும் கலைஞர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, கலையில் இயங்கிய பெண்களைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கங்களை எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள். அந்த வேலை கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கும் வர வேண்டும். கேமராவும் திரையும் ஒலியும் காணொளியும் சேர்ந்த ஊடகக் கலைக்கு இந்த மலையில் நூறாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது.

வரலாற்றின் முதல் அத்தியாயம் சூரியன்தான். 1904 முதல் இங்கே சூரியனைக் கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்து வந்தார்கள். சூரிய ஒளியை ஒரு மெல்லிய பிளவு வழியாக உள்ளே விட்டு, நிறங்களாகப் பிரித்து, கால்சியம் வாயு உமிழும் ஊதா ஒளியை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த ஒற்றை நிறத்தில் சூரியன் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக வருடிப் படமாக்கும் கருவி இதற்குப் பயன்பட்டது. 1912இலிருந்து ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியிலும் எடுத்தார்கள். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இந்தத் தட்டுகளை எண்மமாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அறிவியலுக்காக எடுத்தவைதான் என்றாலும், ஒரே பொருளை நூறாண்டு விடாமல் பார்த்த கேமரா உலகில் மிகச் சிலவே. அதனால் இவற்றைக் கலை வரலாற்றிலும் சேர்ப்பேன்.

அடுத்த அத்தியாயம் சினிமா. ஆங்கிலேயர் காலத்திலிருந்து ‘டெவில்ஸ் கிச்சன்’ என்று அழைக்கப்பட்ட பாறைப் பிளவுகள், சந்தான பாரதி இயக்கி கமல்ஹாசன் நடித்த ‘குணா’ 1991இல் வெளிவந்த பிறகு குணா குகை ஆகிவிட்டன. வரைபடப் பெயரையே ஒரு படம் மாற்றிய அபூர்வமான சம்பவம் இது. 2006இல் அங்கே நடந்த விபத்தையும் மீட்பையும் வைத்து 2024இல் சிதம்பரம் இயக்கத்தில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தது.

மூன்றாவது அத்தியாயம் பாதரசம். 1980களில் தொடங்கி 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் கழிவைப் பற்றி 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் ராப் பாட்டுக் காணொளி ஒன்றை வெளியிட்டார். உலகம் முழுக்கப் பரவிய காணொளி அது. 2016 மார்ச்சில், அந்தத் தொழிற்சாலையை நடத்திய இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது. 2018இல் இரண்டாவது காணொளி வந்தபோது கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் அதில் பாடினார்.

சூரியத் தட்டு, குகை, பாதரசப் பாட்டு. மூன்றையும் ஒரே வரலாறாக எழுதப் பொருத்தமானவர்கள் இந்த மலையில் படிக்கும் மாணவர்கள். அதற்கு முதலில் விக்கிப்பீடியாப் பக்கம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1954இலிருந்து 1968 வரை வெளிவந்தது. அச்சேறியபின் ஒரு பிழையைத் திருத்த அடுத்த பதிப்புக்குக் காத்திருக்க வேண்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தக் காத்திருப்பு இல்லை. ‘தொகு’ என்ற சொல்லை அழுத்தினால் பக்கம் திறந்துகொள்ளும். எழுதிச் சேமித்ததும் மென்பொருள் பழைய பக்கத்தை அழிப்பதில்லை. புதிய வடிவத்தை அடுத்த பதிப்பாக அடுக்கி வைக்கிறது. ‘வரலாறு’ என்ற தாவலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முதல் எழுத்திலிருந்து இன்று வரை கிடைக்கும். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து வேறுபாட்டைப் பார்க்கலாம். தவறான மாற்றம் நடந்திருந்தால் பக்கத்தை எளிதாக முன்நிலைக்குக் கொண்டுபோகலாம். பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கு மாற்றம் உடனே தெரியும். கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்க ஒவ்வொரு பக்கத்துக்கும் உரையாடல் பக்கம் உண்டு. எல்லோருக்கும் பொதுவான பேச்சுக்கு ஆலமரத்தடி. புதியவர் எழுதிப் பழகுவதற்கு மணல்தொட்டி. இந்தப் பெயர்களைத் தேர்ந்தவர்கள் தமிழை நேசித்தவர்கள்.

இவ்வளவு வசதியும் மேற்கோள் ஒன்று இல்லாவிட்டால் பயனற்றது. விக்கிப்பீடியா உண்மையைத் தானே கண்டுபிடிப்பதில்லை. நம்பத்தகுந்த இன்னொருவர் ஏற்கெனவே வெளியிட்டதைத்தான் எடுத்துச் சொல்லும். எழுதுபவரின் சொந்த ஆய்வு ஏற்கப்படாது. குணா குகையில் இதுவரை எத்தனை பேர் விழுந்தார்கள் என்று வழிகாட்டிகள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அந்த எண்ணைப் பக்கத்தில் ஏற்றுவதற்கு முன் ‘எந்த நாளேடு, எந்தத் தேதி?’ என்று கேட்பதே மாணவரின் வேலை. ஆதாரமில்லாத எண் பக்கத்தில் ஏறிவிட்டால் ஏதோ ஒரு செய்தித் தளம் அதைப் படித்து எழுதும். பிறகு அந்தச் செய்தியையே ஆதாரமாகக் காட்டி இன்னொருவர் பக்கத்தில் அடிக்குறிப்புப் போடுவார். பொய் வட்டமடித்து வந்து மெய்யாக உட்கார்ந்துகொள்ளும். இதனால் செய்தி வெளியான தேதியையும், அந்த வரி பக்கத்தில் ஏறிய தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வரலாற்றுத் தாவல் இங்கேதான் கைகொடுக்கிறது.

பாதரசக் காணொளி இன்னும் கடினமான பாடம். ‘நிறுவனம் மக்களை நஞ்சுக்கு ஆளாக்கியது’ என்று எழுத ஆத்திரம் வரும். கலைக்களஞ்சிய நடை வேறு. பாட்டு என்ன குற்றம் சாட்டியது, தொழிலாளர்கள் என்ன சொன்னார்கள், உடல்நலப் பாதிப்பை நிறுவனம் எப்படி மறுத்தது, பிறகு 591 பேருடன் என்ன உடன்பாடு ஏற்பட்டது என்று, சொன்னவர் பெயரோடும் ஆதாரத்தோடும் எழுதுவதே முறை. இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். மறுக்க முடியாதபடி அடுக்கிய தகவல், ஆத்திரத்தில் எழுதியதைவிட நெடுநாள் நிற்கும்.

மாணவர்களை இந்த வேலையில் இறக்கிவிட்ட அனுபவம் நமக்கு இரண்டு விதமாகவும் இருக்கிறது. 2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடந்தது. அதன் வழியே தமிழுக்குப் புதிய கட்டுரைகள் வந்தன. அடுத்த ஆண்டு புனேயில் பல கல்லூரிகளைச் சேர்த்து ஆங்கில விக்கிப்பீடியாவில் நடத்திய திட்டம் கசப்பில் முடிந்தது. பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக வெட்டி ஒட்டிவிட்டார்கள். பதிப்புரிமை மீறல் குவிய, துப்புரவு வேலை தன்னார்வலர் தலையில் விழுந்தது. மதிப்பெண்ணுக்காகப் புதுக் கட்டுரைகளைக் கேட்டால் இப்படித்தான் நடக்கும். ஏற்கெனவே உள்ள பக்கத்தில் சரிபார்த்த பத்து வரி சேர்த்ததற்கு மதிப்பெண் கொடுத்தால் பலன் வேறாக இருக்கும் என்பதே என் எண்ணம்.

அச்சில் இல்லாத நினைவுகளை என்ன செய்வது? தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் சொல்வதும், படப்பிடிப்புக்குக் கயிறு பிடித்தவர் சொல்வதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2011இல் அச்சல் பிரபாலா என்பவர் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேச்சைப் பதிவு செய்து, அந்த ஒலிப்பதிவையே மேற்கோளாகக் காட்டும் சோதனையை நடத்திப் பார்த்தார். விக்கிப்பீடியா அதை விதியாக இன்னும் ஏற்கவில்லை. வேறு வழியுண்டு. மாணவர்கள் பெரியவர்களைச் சந்தித்துப் பதிவு செய்து, கல்லூரி ஆய்விதழிலோ நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்திலோ ஆசிரியர் சரிபார்ப்போடு முதலில் வெளியிடட்டும். வேறொருவர் அதை எடுத்து மேற்கோளாகக் காட்டலாம்.

படங்களுக்கும் ஒரு விதி உண்டு. சினிமாக் காட்சியையோ காணொளிச் சட்டகத்தையோ, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றக் கூடாது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். தானே எடுத்த குகை வாசலின், வானாய்வகக் குவிமாடத்தின் படங்களைத் தாராளமாக ஏற்றலாம். யாரும் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் அவை போய்ச் சேரும். தமிழ் விக்கிப்பீடியர் 2011 நவம்பரில் தொடங்கி நடத்திய ஊடகப் போட்டியில் இப்படி வந்த படங்களும் ஒலிகளும் ஆயிரக்கணக்கில்.

கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. செண்பகனூரில் இயேசு சபையினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. கீழே திண்டுக்கல்லிலும் பழனியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆசிரியர்களே, ஒரு பருவத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களை நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளின் முன் உட்கார வையுங்கள். குணா வெளியான 1991 நவம்பர் மாதத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மேரி எவர்ஷெட்டைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரையை, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்போடு, இந்த மலையின் மாணவிகளே எழுதட்டும்.