ஆயிரம் திர்ஹாமும் இரு நாட்டு விலைவாசியும்

பரங்கிப்பேட்டை, லால்பேட்டை போன்ற ஊர்களில் திர்ஹாமின் மதிப்பு ஏறினால் அதை ஊதிய உயர்வாகவே கருதி மகிழ்கிறார்கள். கடலூர் - சிதம்பரம் பேருந்துப் பயணங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வளைகுடாப் பணத்தை நம்பி வீடு கட்டுவோரும், ஊர் திரும்ப நாள் குறிப்போரும் நிறைந்த பகுதி இது. எனவே, அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

ஐக்கிய அரபு அமீரகம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று தன் நாணயத்தை நிலைநிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே, ரூபாய்க்கு எதிராக டாலர் ஏறினால் திர்ஹாமும் உடன் ஏறும். டாலரின் சராசரி மதிப்பு 2011-இல் 46.67 ரூபாய், 2017-இல் 65.12 ரூபாய். மாதம் ஆயிரம் திர்ஹாம் பெற்ற குடும்பத்துக்கு முன்பு ஏறத்தாழ 12,700 ரூபாயும், பின்பு 17,700 ரூபாயும் கிடைத்தன. இது சுமார் 39 சதவீத உயர்வு. ஆனால், அதே ஆறாண்டுகளில் இந்தியாவில் நுகர்வோர் விலைகள் 40 சதவீதத்துக்கும் அதிகமாக ஏறிவிட்டன. ரூபாய் கூடியது உண்மை. மளிகைப் பட்டியல் நீளவில்லை.

இது தற்செயலன்று. அதே காலத்தில் அமெரிக்காவில் விலைகள் சுமார் 9 சதவீதமே உயர்ந்தன. விலைவாசி வேகமாக ஏறும் நாட்டின் நாணயம், அந்த வேறுபாட்டின் அளவுக்கு மதிப்பிழக்கும் என்று முதல் உலகப் போர்க்காலத்திலேயே விளக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் குஸ்தாவ் காசெல். ஆண்டுக்காண்டு இது பொருந்தாது. நீண்ட காலத்தில் பெரும்பாலும் பொருந்தி வருகிறது. ஒரு காலத்தில் வளைகுடாவில் நம் ரூபாயே புழங்கியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆக்கப்பட்டதும் கத்தாரும் இன்றைய அமீரகப் பகுதிகளும் அதைக் கைவிட்டன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஒரு நாட்டின் விலைக் குறியீட்டெண் 140, இன்னொரு நாட்டினுடையது 110 என்றால், முதல் நாட்டில்தான் செலவு அதிகம் என்று பொருளாகாது. அவ்வெண்கள் அந்தந்த நாட்டில் அடிப்படை ஆண்டிலிருந்து விலை எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். எங்கே விலை மட்டம் அதிகம் என்று அறிய, ஒரே பொருள்களின் விலையை இரு நாடுகளிலும் நேரில் திரட்ட வேண்டும். உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் செய்வது அதைத்தான். அதன் கணக்கில், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க 2011-இல் 15.55 ரூபாயும் 2017-இல் 20.65 ரூபாயும் தேவைப்பட்டன. சந்தையிலோ டாலர் 65.12 ரூபாய்! அதாவது, நம் விலை மட்டம் அமெரிக்காவினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

இந்த மலிவு எல்லாவற்றிலும் இல்லை. பண்ருட்டி முந்திரி கப்பலேறும் பொருள். அதன் விலை உலகச் சந்தையைப் பின்தொடரும். தங்கமும் அப்படியே. ஆனால், சிதம்பரம் கீழவீதியில் முடிதிருத்தும் கட்டணத்தைத் துபாய்க் கட்டணம் இழுத்துச் செல்லாது. அந்தச் சேவையைக் கப்பலில் ஏற்ற முடியாதே! உள்ளூர்க் கூலி குறைவாக இருப்பதால்தான் நம் சராசரி விலை மட்டம் தாழ்ந்து நிற்கிறது. கூலி ஏற ஏற அந்த இடைவெளியும் குறையும். சிதம்பரம் கொத்சுவுக்கு அமெரிக்காவில் இணையான பண்டம் எது என்று கேட்டால் புள்ளியியலாளர்கள் திணறத்தான் வேண்டும். கூடை ஒருபோதும் முழுமையாகப் பொருந்துவதில்லை.

ஊர் திரும்புவோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இந்த ஒப்பீடுகள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும் பொருள்களையும் சேவைகளையும் மட்டுமே அளக்கின்றன. காலி மனை உற்பத்தி செய்யப்படுவதன்று. எனவே அந்தக் கூடையில் அதற்கு இடமில்லை. வளைகுடாப் பணம் முதலில் தேடிச் செல்வதோ அந்த மனையைத்தான்.