கோச்சி வராத ஊரில் கோச்சிக் கதை

நாயாற்றுக்குப் புகையிரதம் வந்ததில்லை. முல்லைத்தீவிலிருந்து கடலோரமாகத் தெற்கே கொக்கிளாயை நோக்கிப் போகும் வீதி, செம்மலையைக் கடந்து, களப்பின் மேலாகப் பாலமொன்றில் ஏறி இறங்குகின்ற இடம் அது. ஒருபுறம் பெருங்கடல்; மறுபுறம் களப்பு; இடையே மணலும் வள்ளங்களும் வலை பொத்துவோரும். இவ்வூரவர் கோச்சி ஏற விரும்பினால் முதலில் முல்லைத்தீவை அடைந்து, அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியே காட்டு வீதியில் மாங்குளம் சேரவேண்டும். வண்டியின் ஊதல் ஒலி எந்தக் காற்றிலும் இங்கு வந்து கேட்பதில்லை.

ஆயினும், சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பாலத்தடிப் பூவரசின் கீழ் நான் கேட்ட பேச்சு முழுவதும் தண்டவாளத்தைப் பற்றியதே. பேசியவர்கள் மூவர். முதல்வர் எண்பதை எட்டிய பெரியவர். மாங்குளத்தை அண்டிய பகுதியில் கால் நூற்றாண்டு காலம் பாதைத் தொழிலாளியாக இருந்து, வழி மூடப்பட்டபின் அலைந்து திரிந்து, ஈற்றில் மகளின் ஊராகிய இங்கே தங்கியவர். இரண்டாமவர் அவருடைய தம்பியின் மகன், புகையிரதக் கடவையொன்றில் காவல் நிற்பவர், விடுமுறையில் வந்திருந்தார். மூன்றாமவர் சம்மாட்டியார். தம் வாழ்நாளில் நாலே தடவைதான் கோச்சியில் ஏறினாராம். எனினும் எந்த எஞ்சின் எந்த ஆண்டில் இந்நாட்டுக்கு வந்தது என்பதைப் பிழையின்றிச் சொல்லுவார். கோயில் மேளத்துக்கு இரசிகர் இருப்பதுபோலக் கோச்சிக்கும் ஊருக்கு ஒருவராவது இரசிகர் இருக்கிறார் போலும். நான் கேட்பதற்கென்றே போய் உட்கார்ந்த நாலாமவன்.

வடபாதையின் வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் வண்டி ஓடிற்று. தீபகற்பத்துக்குள் தனித்துக் கிடந்த அத்துண்டைத் தெற்கோடு இணைக்க வன்னிக் காட்டை ஊடறுக்க வேண்டியிருந்தது. 1905 ஆகஸ்ட் 1ஆம் நாளிலேயே கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை, ஏறத்தாழ 256 மைல், வழி திறந்தது. வவுனியாவுக்கு அப்பால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று நிலையங்களை வரிசையாகச் சொல்லும்போது பெரியவரின் குரல் தேவாரம் படிப்பவரின் குரலாகிவிடுகிறது.

வடபாதை ஒற்றைப் பாதை என்பதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால், அந்தத் தொழிலாளரின் வாழ்வும் நட்பும் பேச்சும் அந்த ஒன்றிலிருந்தே பிறந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரெதிரே வரும் இரு வண்டிகளில் ஒன்று, நிலையமொன்றில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிட்டேயாக வேண்டும். பெரியவர் சொன்னார்:

“கிறொசிங் எண்டால் சிலவேளை அரை மணித்தியாலமும் நிக்கும், மாஸ்டர். முந்தி வந்தவன் காத்துக்கொண்டு நிக்கவேணும். நிண்ட இடத்திலை கதையாமல் வேறை என்ன செய்யிறது?”

அவ்விதம் நிற்கும் வண்டி புறப்படுவதற்கு வேண்டிய உத்தரவு வாய்ச்சொல்லன்று. உலோகத்தாலான வட்டத் தகடு. ‘ரப்லெற்’ என்பது தொழிலாளர் அதற்கு வழங்கிய பெயர். அடுத்தடுத்த இரு நிலையங்களில் உள்ள இரு கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். மணியடித்து ஒரு நிலைய அதிபர் கேட்க, மணியடித்தே மற்றவர் இசைவு தருவார். அதன் பின்னரே தகடு வெளியே வரும். ஒரு தகடு வெளியே இருக்கும்வரை அந்த இடைவெளிக்கான இன்னொரு தகட்டை எவராலும் எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாத சாரதி வண்டியை நகர்த்தலாகாது. 1874இல் இங்கிலாந்தில் தோர்ப் என்னும் ஊரில், தந்திச் செய்தியில் நேர்ந்த பிழையால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதி இருபத்தைந்து உயிர்கள் போயின. அந்தத் துயரத்தின் பின் எட்வேட் ரையர் என்பவர் ஆக்கிய முறை இது. எங்கோ ஒரு குளிர்நாட்டில் சிந்திய இரத்தம் எங்கள் வன்னிக் காட்டில் பல்லாண்டு காலம் எத்தனையோ உயிர்களைக் காத்தது.

நில்லாது போகும் கடுகதிக்குத் தகட்டைக் கொடுப்பது ஒரு வித்தை. தோற்பையில் இட்டுப் பெரிய வளையமொன்றில் கோத்துக் கையை உயர்த்திப் பிடித்து நிற்பார்கள். எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்தை அள்ளிக்கொண்டு போகும். இரவில், மழையில், தீப்பந்த வெளிச்சத்திலும் அது நடந்ததாகப் பெரியவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருடைய வலக்கை தானாகவே உயர்ந்து நின்றது.

காத்து நிற்கும் நேரத்தில் என்னதான் பேசினார்கள் என்று கேட்டேன். பெரிய செய்திகளை எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமே. முருங்கைக்காய் விலை, பிள்ளைகளின் படிப்பு, இடமாற்றம், யாருக்குச் சம்பள உயர்வு, எந்த மைலில் யானை நிற்கிறது, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்றா என்பவையே பேச்சு. சாரதி அனுராதபுரத்தவராக இருப்பார். கார்ட் யாழ்ப்பாணத்தவராக இருப்பார்.

“அவர் அரைத் தமிழிலை கேட்பார், நான் அரைச் சிங்களத்திலை சொல்லுவன், கதை முழுசா விளங்கும்” என்றார். கருவாட்டுப் பொதி தெற்கே போனதும் பலாப்பழம் வடக்கே வந்ததும் அந்த அரை மொழிகளிலே முடிவான உடன்படிக்கைகள்தாமாம்.

தொழில் எளிதன்று. விடியுமுன் ஒருவர் தமக்கென ஒதுக்கிய பாதை முழுவதையும் நடந்து பார்க்கவேண்டும். தோளில் நீண்ட காம்புள்ள சுத்தியல், கையில் முடுக்கி, இடுப்பில் சிவப்பும் பச்சையுமான கொடிகள். தண்டவாளத்தைத் தட்டினால் நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். வெடித்த இரும்பின் ஒலி ஓட்டைப் பானையின் ஒலியாகும். சித்திரை வெயிலில் இரும்பு நீளும். அதற்காகவே துண்டுக்கும் துண்டுக்கும் இடையே சிறு வெளி விட்டு, இரு பக்கமும் தகடு வைத்து ஆணி முடுக்குவார்கள். அத்தகட்டுக்கு ‘பிஷ் பிளேற்’ என்று பெயர். இதைக் கேட்டதும் சம்மாட்டியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“கோச்சிக்கும் மீன் வேணுமோ? சுறாவோ, பாரையோ?”

“நீர் பிடிக்கேலாத மீன்” என்றார் பெரியவர்.

அந்த வெளிகளைச் சக்கரம் தாண்டும்போது எழுந்த தாளந்தான் பழைய கோச்சியின் தாளம். கண்ணை மூடிக்கொண்டு அதை எண்ணியே வேகத்தைச் சொல்லும் கார்ட்மார் இருந்தார்களாம்.

இனிச் சம்மாட்டியாரின் முறை. அவருடைய பேச்சில் 1954க்குத் தனி இடம் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கிய டீசல் எஞ்சின்கள் அவ்வாண்டிலே வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒரு கனேடியப் பெயரைத் தாங்கி நின்றது: ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான் என்றவாறு. 1956 ஏப்ரில் 23ஆம் நாள் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் வடக்கின் சிறுவர்கள் அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒன்ராறியோ என்பது எஞ்சினின் பெயராகவே அன்று அவர்களுக்குத் தெரியும். பின்னாளில் அதே பெயர், தங்கள் பிள்ளைகளின் கடித உறைகளில் முகவரியாக வந்து சேருமென்று யார் கண்டார்? சம்மாட்டியாரின் மூத்த மகனும் இப்போது அங்கேதான் இருக்கிறார். மகன் அனுப்பிய படங்களுள் தந்தை பத்திரமாக வைத்திருப்பது மகனின் வீட்டுப் படமன்று. அங்குள்ள புகையிரத நூதனசாலையில் எடுத்த எஞ்சின் ஒன்றின் படம்!

591ஆம் இலக்க எஞ்சினின் பெயர் மனிற்றோபா. அதைப் பற்றி மட்டும் அவர் மெல்லிய குரலிலே பேசினார். 2004 டிசம்பர் 26இல் தெற்கே பெரேலியவில் ஆழிப்பேரலை கவிழ்த்த வண்டியை இழுத்து வந்தது அதுவே. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவ்விடத்தில் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் அதற்கு ஒப்பான துயரம் இல்லை. அதே காலையில், இதே கடல், முல்லைத்தீவுக் கரையையும் வாரிக்கொண்டு போயிற்று. “எங்களை அடிச்ச தண்ணிதான் அதையும் அடிச்சது” என்றார் சம்மாட்டியார். எஞ்சினைப் பின்னர் திருத்திப் பாதையில் விட்டார்கள். அது ஓடுகிறதென்று கேள்விப்பட்ட நாளில் தமக்கு உண்டான மகிழ்ச்சியை அவர் விளக்க முயன்றார். முடியாமல் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

1990 யூன் மாதத்தோடு வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றது. அதன்பின் தண்டவாளமும் சிலிப்பரும் எங்கே போயின என்பது வன்னியில் வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போரிட்ட இரு திறத்தாரும் பெயர்த்தெடுத்தனர். அவை பதுங்குகுழிகளின் கூரையாயின. பெரியவர் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஓரிரவு குடும்பத்தோடு ஒரு பங்கருக்குள் இருந்தாராம். தலைக்கு மேலே குறுக்காகத் தண்டவாளம். வெளியே எறிகணை விழுந்துகொண்டிருக்க, இவர் கையிற் கிடைத்த கல்லால் அதனைத் தட்டிப் பார்த்தார். மனைவி, “உங்களுக்கென்ன பைத்தியமோ?” என்று கேட்டாராம்.

“வெடிப்பிருந்தால் தாங்காதெல்லோ, மாஸ்டர். அது என்ரை வேலை” என்றார் என்னிடம்.

இதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. சம்மாட்டியாரும் சற்று நேரம் பேசவில்லை.

வண்டி திரும்பி வந்த கதை அண்மைக் காலத்தது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 சனவரியில் காங்கேசன்துறை. இந்திய நிறுவனமாகிய இர்கொன் பாதையை அடியிலிருந்து புதிதாக அமைத்தது. மரச் சிலிப்பரின் இடத்தில் கொங்கிறீற்று; கைகாட்டி மரங்களின் இடத்தில் வண்ண ஒளி. தண்டவாளத் துண்டுகளைப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டபடியால் பழைய தாளமும் இல்லை. பெரியவர் மாங்குளம் சென்று ஏறிக் கிளிநொச்சிவரை ஒருமுறை போய்வந்தார். “சொகுசுதான். ஆனால் கண்ணை மூடினால் எவ்வளவு வேகமெண்டு தெரியேல்லை” என்பது அவர் கண்ட குறை. வேகமும் பாதுகாப்பும் கூடியிருக்கும்போது இது ஒரு குறையா என்று நகரத்தார் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆயின், ஒரு தொழிலை அறிந்தவனின் காதும் கையும் வேண்டாதனவாகிவிட்டன என்பதும் உண்மையே.

புதுப் பாதை கொண்டுவந்த புதுத் தொழிலாளர், கடவைக் காவலர். வன்னியில் வண்டி இல்லாத காலத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்டவாளத்தைக் கடக்கத் தெரியாது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஊர் அதை மறந்திருந்தது. விபத்துகள் நேர்ந்தன. காவலர்களைத் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். நாளொன்றுக்கு 250 ரூபா, மாதத்துக்கு 7,500. அவர்கள் பலமுறை வீதியில் இறங்கி நிரந்தர நியமனம் கேட்டார்கள். பெரியவரின் பெறாமகனும் அவர்களுள் ஒருவர்.

“அந்தக் காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரி, பெரியப்பா. கடலுக்குப் போனால் ஒரு நல்ல நாளிலை இதைவிட உழைக்கலாம்” என்றார்.

“அப்ப ஏன் நிக்கிறாய்?”

இளைஞர் உடனே விடை சொல்லவில்லை. பின்பு சொன்னார்: பள்ளிவிட்டு வரும் சிறுவர் சிலர் தம் கடவையால்தான் போகிறார்களாம். தடையை இறக்கியதும் எதிர்ப்பக்கத்தில் நின்று ‘அண்ணை, எத்தினை பெட்டி?’ என்று கேட்பார்களாம். வண்டி போய் முடியும்வரை சேர்ந்து எண்ணுவார்களாம். ஒருநாள் இவர் பிந்திப் போனபோது, இன்னொருவர் காவல் நிற்க, சிறுவர் இவரைத் தேடினார்களாம்.

பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, புதுத் தண்டவாளத்தில் காது வைத்தால் வண்டி வருவது கேட்குமா என்று விசாரித்தார். தாம் வைத்துப் பார்க்கவில்லை என்றார் இளைஞர், தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்களே! “அது சரி. போன் வேலை செய்யாத நாளிலை வைச்சுப் பார். நிலத்திலை படுக்காதை; குந்தியிருந்து வை. மற்றப் பக்கத்தை ஒரு கண்ணாலை பாத்துக்கொண்டிரு” என்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பூவரச வேரில் காதை வைத்துச் செய்து காட்டினார்.

பொழுது பட்டது. இளைஞர் மறுநாள் கடமைக்குத் திரும்பவேண்டும்; முல்லைத்தீவுக்குப் போகும் கடைசி பஸ் பாலத்தில் ஏறும் ஒலி கேட்டு எழுந்தார்.

“இரவிலை யானை நிக்கும், பாத்துப் போ” என்றார் பெரியவர்.

“தெரியும் பெரியப்பா.”

“மெயிலை எந்த எஞ்சின் இழுத்துக்கொண்டு வருகுதெண்டு பாத்துச் சொல்லு, தம்பி” என்று சம்மாட்டியார் பின்னாலிருந்து கூப்பிட்டார். “இலக்கம் தெரியிறமாதிரி ஒரு படமும் எடுத்து அனுப்பு.”

பஸ் நின்றது. இளைஞர் கையைக் காட்டிவிட்டு ஓடினார்.