குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வீட்டுத் திரையரங்கக் கணினி

வீட்டுத் திரையரங்கக் கணினி என்பது தொலைக்காட்சியுடன் இணைத்து, சேமித்து வைத்த திரைப்படங்களையும் பாடல்களையும் குடும்பப் படங்களையும் பார்க்க உதவும் கணினி ஆகும். அலுவலக வேலைக்கோ கணினி விளையாட்டுக்கோ வேண்டிய வேகம் இதற்குத் தேவையில்லை. சத்தமின்றி, சூடாகாமல், குறைந்த மின்சாரத்தில் நெடுநேரம் ஓடினால் போதும். அதனால் சிறிய அல்லது பழைய கருவிகளைக் கொண்டே குறைந்த செலவில் இதை அமைக்கலாம்.

மின்சாரக் கணக்கு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 மே முதல் முதல் 100 யூனிட் இலவசம். பழைய மேசைக் கணினி ஒன்று 100 வாட் எடுப்பதாகக் கொண்டால், நாளுக்கு 5 மணிநேரம் வீதம் 60 நாட்களில் 30 யூனிட் செலவாகும். 10 வாட் கணினிக்கு அதே நேரத்தில் 3 யூனிட் போதும். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் அதற்குக் கீழுள்ள சில படிநிலைகளின் கட்டணமும் உயர்வதால், அந்த எல்லையை ஒட்டிய வீடுகளில் இந்த 27 யூனிட் வேறுபாடு கூடுதலாகத் தெரியும்.

மின்தடையின்போது பயன் இன்னும் தெளிவு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் கொண்ட இன்வெர்ட்டரிலிருந்து நடைமுறையில் சுமார் 1,200 வாட்-மணி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறி, 50 வாட் தொலைக்காட்சி, 100 வாட் கணினி மூன்றும் ஓடினால் ஐந்தே கால் மணிநேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். கணினி 10 வாட்டாக இருந்தால் கிட்டத்தட்ட ஒன்பது மணிநேரம் தாங்கும்.

காணொளிக் குறிமுறை

காணொளிக் கோப்புகள் சுருக்கப்பட்ட வடிவில் சேமிக்கப்படுகின்றன. அவற்றை விரித்துக் காட்டும் வேலையைச் சில்லில் உள்ள தனிச் சுற்று செய்தால் மின்செலவு மிகக் குறைவு. அந்தச் சுற்று இல்லாவிட்டால் மையச் செயலியே முழு வேலையையும் செய்ய வேண்டும். சூடு ஏறும், விசிறி இரையும், படமும் தடுமாறலாம். ஆகவே கருவி வாங்குமுன் பார்க்க வேண்டியது, வீட்டில் உள்ள கோப்புகளின் குறிமுறையை அந்தச் சில்லு அறியுமா என்பதே.

பரவலாகக் காணப்படும் குறிமுறைகள் எச்.264 (2003), எச்.265 (2013), ஏவி1 (2018) ஆகியவை. கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்' (1953) போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் சேர்த்து வைப்பவருக்கு 4கே ஆற்றல் தேவைப்படாது. எச்.264 குறிமுறையில் உள்ள சாதாரணத் தெளிவுக் கோப்பைப் பத்தாண்டு பழைய கணினியும் எளிதாக ஓட்டும். புதிய 4கே படங்களுக்குப் பெரும்பாலும் எச்.265 தேவைப்படும்.

கருவித் தெரிவுகள்

ராஸ்பெரி பை 4 (2019): எச்.264, எச்.265 இரண்டுக்கும் தனிச் சுற்று உண்டு. சில வாட்டுகளிலேயே ஓடும். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் நல்ல மின்னூட்டி அவசியம். பழைய கைபேசி மின்னூட்டியைப் பொருத்தினால் மின்னழுத்தம் தாழ்ந்து கணினி நின்றுவிடும். 2023இல் வந்த பை 5இல் எச்.265க்கு மட்டுமே தனிச் சுற்று உள்ளது. எனினும் முழு எச்.டி. எச்.264 படங்களை அதன் வேகமான செயலியே சமாளித்துவிடும்.

பழைய அலுவலகச் சிறுகணினி: நிறுவனங்கள் கழித்துவிடும் கையடக்கக் கணினிகள் ஈரோடு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களில் பழைய கணினிக் கடைகளில் கிடைக்கும். இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதைத் தேர்வது நல்லது, 10-பிட் எச்.265க்கான சுற்று அதிலிருந்துதான் வருகிறது.

இன்டெல் என்100 சிறுகணினி: 2023இல் வெளியான இச்சில்லின் அடிப்படை மின்தேவை 6 வாட். ஏவி1 குறிமுறையையும் விரிக்கும். மற்ற இரண்டையும்விட விலை கூடுதல்.

நினைவகம் 4 ஜிபி போதும். இயங்குதளத்தைச் சிறிய எஸ்.எஸ்.டி.யிலும் படங்களைத் தனி வன்தட்டிலும் வைக்கலாம். 2.5 அங்குல வன்தட்டு 3.5 அங்குல வன்தட்டைவிடக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும்.

மென்பொருள்

கோடி என்பது இதற்கெனவே உருவான கட்டற்ற மென்பொருள். முன்பு எக்ஸ்.பி.எம்.சி. எனப்பட்ட இது 2014இல் இப்பெயர் பெற்றது. லிப்ரெஎலெக் இயங்குதளத்தை நிறுவினால் கணினி நேரடியாகக் கோடியிலேயே திறக்கும். ராஸ்பெரி பையில் எச்.டி.எம்.ஐ. வடம் வழியாகவே தொலைக்காட்சியின் ரிமோட் கொண்டு கோடியை இயக்கலாம். பெரும்பாலான இன்டெல் சிறுகணினிகளில் இவ்வசதி இல்லாததால் தனி ரிமோட்டோ கம்பியில்லா விசைப்பலகையோ வாங்க வேண்டியிருக்கும்.

வரம்புகள்

கோடி படங்களைத் தருவதில்லை. பயனரிடம் உள்ளவற்றையே ஒழுங்குபடுத்திக் காட்டுகிறது. நகல் பாதுகாப்பு விதிகளால் சில ஓடிடி தளங்கள் லினக்சில் குறைந்த தெளிவிலேயே ஓடும். முதன்மையாக ஓடிடி பார்ப்பவருக்கு அத்தளங்கள் அங்கீகரித்த தொலைக்காட்சிக் குச்சி ஒன்றே மலிவாக முடியும். சொந்தச் சேமிப்பு அதிகமுள்ள, இணையவேகம் குறைந்த வீட்டுக்கே இக்கணினி கூடுதலாகப் பயன்படும்.