பட்டனை அழுத்தியாச்சு... திரை ஏன் இருட்டா இருக்கு? வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்கு!

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைப்பெட்டிகள், தெர்மாகோல், பிளாஸ்டிக் கவர்கள். நடுவில் புத்தம்புது கேபினட். காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிய மகள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்துகிறாள். காலேஜில் இப்போதுதான் முதல் வருடம் சேர்ந்திருப்பவள். ஃபேன் சுற்றுகிறது. விளக்கு எரிகிறது. மானிட்டர் மட்டும் கும்மிருட்டு!

"அப்பவே சொன்னேன், கடையிலேயே மாட்டி வாங்கிட்டு வந்துடலாம்னு. அவ்ளோ காசும் போச்சா?" - அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல். அப்பா எதுவும் பேசாமல் பில்லைத் தேடுகிறார்.

முதன்முறையாக உதிரிபாகங்களை வாங்கி, வீட்டிலேயே கம்ப்யூட்டர் மாட்டும் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு நல்ல செய்தி... இந்த நிலையில் பெரும்பாலும் காசு போயிருக்காது, எதுவும் எரிந்திருக்காது. ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். எது உட்காரவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரை அடுத்த பத்து வருடங்களுக்குப் பராமரிக்கவும் தெரிந்துவிடும். சொந்தமாக அசெம்பிள் செய்வதன் உண்மையான லாபம் அதுதான்.

யார் யாரோ செய்தது, எப்படிப் பொருந்துகிறது?

பிராசஸர் ஒரு கம்பெனி, மதர்போர்டு இன்னொரு கம்பெனி, ராம் வேறொரு கம்பெனி. ஆனாலும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இதற்குப் பின்னால் 50 ஆண்டுக் கதை இருக்கிறது.

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்ற கம்ப்யூட்டர் வந்தது. அதை உதிரிபாகங்களாக வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக சால்டரிங் செய்ய வேண்டும். கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. சுவிட்சுகளும் சிறு விளக்குகளும்தான்! 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, வெளிச்சந்தையில் கிடைத்த பாகங்களையே பெருமளவு பயன்படுத்தியது. அதன் தொழில்நுட்ப விவரங்களையும் புத்தகமாகவே வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் அதற்குப் பொருத்தமான பாகங்களைச் செய்ய ஆரம்பித்தன. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த 'ஏ.டி.எக்ஸ்.' என்ற அளவுமுறை, மதர்போர்டின் நீள அகலம், ஸ்க்ரூ துளைகள் இருக்கும் இடம் ஆகியவற்றை வரையறுத்தது. எந்தக் கம்பெனி கேபினட்டிலும் எந்தக் கம்பெனி போர்டையும் மாட்ட முடிவதற்கு இதுதான் காரணம்.

சால்டரிங் காலம் போய்விட்டது. இன்றைக்குத் தேவை ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், நல்ல வெளிச்சம், அரைநாள் பொறுமை.

முதலில் பேப்பர், அப்புறம் பர்ஸ்!

கடைக்குக் கிளம்பும் முன்பு, கம்ப்யூட்டர் எதற்கு என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட வேண்டும். படிப்பு, ஆபீஸ் வேலை, கோடிங், சினிமா என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு அவசியமில்லை. பெரிய கேம்கள், வீடியோ எடிட்டிங், 3டி வேலைகள் என்றால்தான் அது தேவை. பட்ஜெட்டில் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும் கேள்வி இது. ஊருக்கும் ஹாஸ்டலுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்றால், பேசாமல் லேப்டாப் வாங்கிவிடுவதே நல்லது.

அடுத்து, பொருத்தம் பார்க்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் மாதிரி பத்தெல்லாம் இல்லை, நான்கே நான்குதான்!

1. பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும்: பிராசஸர் உட்காரும் இடத்துக்கு 'சாக்கெட்' என்று பெயர். இன்டெல்லின் 12, 13, 14-ம் தலைமுறை பிராசஸர்கள் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் உட்காரும். 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851 வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசை என்றால் ஏ.எம்.4, 7000 வரிசை முதல் ஏ.எம்.5. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் மாட்ட முடியாது.

2. ராமுக்கும் மதர்போர்டுக்கும்: டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால், அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. போர்டு எதை ஏற்கும் என்பது அதன் பெட்டியிலேயே இருக்கும்.

3. திரைக்குப் படம் தருவது யார்? இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், அதற்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை என்று அர்த்தம். கொஞ்சம் விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் விட்டால் திரையில் எதுவுமே வராது. முதன்முறை வாங்குபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

4. எஸ்.எம்.பி.எஸ்.: எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுப்பது இதுதான். காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் இதுதான். கேபினட்டோடு சும்மா வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பாமல், '80 பிளஸ்' முத்திரை உள்ளதாகப் பார்த்துத் தனியாக வாங்குவது நல்லது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 450 வாட்ஸ் தாராளம். கார்டு உண்டென்றால், அந்தக் கார்டுக்குப் பரிந்துரைக்கப்பட்ட வாட்ஸ் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

கடையில் கவனம்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ்... இந்த இடங்களில் ஒரே தெருவில் எல்லா பாகங்களும் கிடைக்கும். ஒரே பட்டியலை மூன்று கடைகளில் கொடுத்து கொட்டேஷன் வாங்கி, ஆன்லைன் விலையோடும் ஒப்பிடலாம். கேட்கும்போதே, "ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுவிட வேண்டும். 18 சதவிகித வரி என்பது சின்னத் தொகை இல்லை.

"பில் வேணாம்னா இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்ற பேச்சுக்கு மயங்கவே கூடாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி உண்டு. இரண்டு வருடம் கழித்து ராம் பழுதானால், அதை மாற்றித் தரச்சொல்லிக் கேட்க கையில் இருக்கும் ஒரே ஆதாரம் பில்தான். அதில் பாகங்களின் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபார்த்து, உடனே மொபைலில் போட்டோ எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பிராசஸரை 'பாக்ஸ்', 'ட்ரே' என்று இரண்டு விதமாக விற்பார்கள். சீல் வைத்த பாக்ஸில் வருவதற்குப் பொதுவாக 3 வருட கம்பெனி வாரன்டி உண்டு. ட்ரேயில் வருவதற்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரன்டி.

இன்னொரு விஷயம்... ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் மொத்தமாகப் போவதால், 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. பட்ஜெட் இடிக்கிறது என்றால், இப்போதைக்கு ஒரே ஒரு ராம் வாங்கிப் போட்டுவிட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். விலை இறங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நன்றாக இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

அசெம்பிள் செய்து வாங்குவதைவிட இதில் எவ்வளவு மிச்சம்? உண்மையைச் சொன்னால், பெரிய மிச்சமில்லை. மொத்தமாக வாங்கினால் மாட்டித்தரக் கூலியே வாங்காத கடைகளும் உண்டு. மிச்சமாவது காசல்ல, பின்னாளில் சின்னப் பழுதுக்கெல்லாம் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடும் அலைச்சல்!

மாட்டுவோமா?

வேலை முடியும்வரை பிளக் செருகப்படவே கூடாது. அடுத்த எதிரி, உடம்பில் சேரும் நிலைமின்சாரம். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் 'சுரீர்' என்று நமக்கு உறைக்கும். ஆனால், 100 வோல்ட்டுக்கும் குறைவான அளவிலேயே பாதிக்கப்படும் சிப்கள் இருக்கின்றன. எனவே, கார்பெட்டில் உட்காராமல், கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும். பாகங்களின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும்.

மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசஸர், எஸ்.எஸ்.டி., கூலர், ராம் ஆகியவற்றை வெளியிலேயே மாட்டிவிடுவது சுலபம். பிராசஸரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு அதைச் சேர்த்து, பூவை வைப்பதுபோல வைத்தால் போதும். அமுக்கக் கூடாது. இன்டெல் 1700, ஏ.எம்.5 போர்டுகளில் சாக்கெட்டுக்குள் தலைமுடிபோல மெல்லிய பின்கள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டே வீணாகலாம். நெம்புகோலை மூடும்போது 'கிரீச்' என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். அது வழக்கமானதுதான்.

அதன்மேல் கூலர். அடியில் ஏற்கெனவே தெர்மல் பேஸ்ட் தடவி வந்திருந்தால், வேறு தடவத் தேவையில்லை. இல்லையென்றால் ஒரு பட்டாணி அளவு போதும். கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் கட்டாயம் உரித்துவிட வேண்டும். அதை மறந்துவிட்டு, "ஏன் இப்படிச் சூடாகிறது?" என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்! ராமை மாட்டும்போது இரண்டு முனையிலும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒரே ராம் என்றால், பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் வழக்கமான இடம். போர்டோடு வந்த கையேட்டிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

போர்டைக் கேபினட்டில் இறக்கும்முன், உள்ளே இருக்கும் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப்கள் போர்டின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடம் மாறி ஒன்று நின்றால், போர்டின் அடிப்பக்கம் ஷார்ட் ஆகும். பிறகு எஸ்.எம்.பி.எஸ். வயர்கள். 24 பின் உள்ள பெரியதை யாரும் மறப்பதில்லை. போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்கென்று இருக்கும் 8 பின் வயர்தான் மறந்துபோகும். எந்த வயரையும் பலவந்தமாகத் திணிக்கக் கூடாது. நுழையவில்லை என்றால், அது அதன் இடமில்லை.

திரை இருட்டா? பதறாதீர்கள்!

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் திரும்புவோம். ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. வரிசையாகப் பார்க்க வேண்டியவை இவை:

• காத்திருங்கள். டி.டி.ஆர்.5 ராம் போட்ட கம்ப்யூட்டர், முதல்முறை ஆன் ஆகும்போது ராமைத் தனக்குத்தானே பழக்கப்படுத்திக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

• மானிட்டர் வயர் எங்கே? கிராபிக்ஸ் கார்டு இருந்தால், வயரை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும், மதர்போர்டில் அல்ல.

• பிராசஸருக்கான 8 பின் வயர் செருகப்பட்டிருக்கிறதா?

• ராம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து மறுபடி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால், ஒன்றை மட்டும் வைத்து முயலுங்கள்.

• போர்டிலுள்ள குட்டி விளக்குகள். பல போர்டுகளில் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என நான்குக்கும் தனித்தனி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, பிரச்னை அங்கேதான்.

• பயாஸ் பழையதா? பல நாள் கடையில் இருந்த போர்டில், அதற்குப் பின்னால் வந்த பிராசஸரை மாட்டினால் அடையாளம் தெரியாமல் விழிக்கும். வாங்கிய கடையிலேயே பயாஸ் அப்டேட் செய்து தரச்சொல்லிக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை... எது பழுதானாலும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தேங்கி நிற்கும்.

திரையில் படம் வந்துவிட்டால், முதலில் பயாஸில் நுழைந்து பிராசஸரின் சூட்டையும், போட்ட ராம் முழுதாகக் காட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடலாம். பிறகு 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி நிறுவ வேண்டும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டதால், புதுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11-தான். அதன் லைசன்ஸ் விலையைப் பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். செலவு வேண்டாம் என்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

சரி, அந்த வீட்டில் என்ன ஆனது? மகள் பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தாள். ராமின் ஒரு முனை அரைகுறையாக நின்றது. அமுக்கினாள், 'டக்'. மறுபடி பட்டன், மறுபடி இருட்டு. இந்த முறை யாரும் கையை வைக்கவில்லை. மூன்றாவது நிமிடம் திரையில் மதர்போர்டு கம்பெனியின் லோகோ பளிச்சென்று வந்தது.

அப்பா பில்லை மடித்து பீரோவில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்த அம்மா சொன்னார்... "பரவாயில்லையே! மிக்ஸி ஒரு வாரமா சத்தம் போடுது, அதையும் கொஞ்சம் பாரேன்!"