புழுவுக்குள் ஒரு கிருமி

யானைக்கால் நோய் கொசுவால் வருகிறது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் கொசு நோயைச் சுமந்து வருகிறதே தவிர, உண்டாக்குவதில்லை. உண்டாக்குவது ஒரு புழு. அந்தப் புழுவை வாழ வைப்பதோ, அதனுள் குடியிருக்கும் ஒரு கிருமி. இந்த மூன்றாவது பேர்வழியைப் பற்றிப் பலருக்கும் தெரியாது.

நமது உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது அவற்றின் வேலை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறி, நிணநீர்ப் பாதையிலுள்ள ஒரு காவல் நிலையம். ஃபைலேரியா புழு இந்தப் பாதையில்தான் குடித்தனம் நடத்துகிறது. பெண் புழு நூலிழை போன்றது. நீளம் 8 முதல் 10 சென்டிமீட்டர். பல ஆண்டுகள் உயிரோடிருந்து இலட்சக்கணக்கான குஞ்சுகளை ஈனுகிறது. பாதை பழுதானால் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது.

குஞ்சுகள் பகலில் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, இரவு 10 மணிக்கு மேல் தோலருகே ஓடும் இரத்தத்திற்கு வருகின்றன. சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு இரவில்தானே கடிக்கிறது! சுகாதார ஊழியர்கள் இரவில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பதும் இதனால்தான். தூக்கம் கெட்டது என்று அவர்களிடம் கோபிப்பது நியாயமன்று. இந்தப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் சீனாவின் அமோய் நகரில் கண்டறிந்தவர் பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர்.

இந்நோய்க்கு டி.இ.சி. மாத்திரை 1947 முதல் வழக்கத்தில் உள்ளது. அது குஞ்சுகளை விரைவில் அழிக்கும். தாய்ப் புழுக்களில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். மிஞ்சியவை மறுபடியும் குஞ்சு பொரிக்கும். ஆகவே ஆண்டுதோறும் ஊர் முழுவதற்கும் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு விடாமல் கொடுத்தே இலங்கை 2016-இல் இந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது.

இனி அந்தக் கிருமிக்கு வருவோம். 1924-இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் கியூலெக்ஸ் கொசுவின் உடலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டனர். பின்னர் அதற்கு வோல்பாக்கியா என்று பெயரிட்டனர். 1970-களில் ஃபைலேரியா புழுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அதனுள்ளும் பாக்டீரியா போன்றவை தென்பட்டன. அவை வோல்பாக்கியாவே என்பது 1990-களில் தெளிவாயிற்று. அவரை, நிலக்கடலை வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவைப் பற்றிப் பாடத்தில் படிக்கிறோம். இங்கே உறவு அதைவிட நெருக்கம். இந்தக் கிருமி இல்லாமல் புழுவால் குஞ்சு ஈனவும் முடியாது, நெடுநாள் வாழவும் முடியாது. குடியிருப்பவர் காலி செய்தால் வீடே இடிந்துவிடும் கதைதான்!

பாக்டீரியா என்றால் அதற்கு ஆன்டிபயாடிக் இருக்கிறதே! டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்து, பாக்டீரியா புரதம் செய்வதைத் தடுத்துவிடுகிறது. தான்சானியாவில் நோயுள்ள 72 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 8 வாரம் தினமும் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். முடிவு 2005-இல் வெளியாயிற்று. 14 மாதங்களுக்குப் பின் ஸ்கேன் செய்ததில், மருந்துண்ட 27 பேரில் 6 பேரிடம் மட்டுமே உயிருள்ள புழு காணப்பட்டது. வெற்று மாத்திரை உண்ட 27 பேரில் 24 பேரிடம் இருந்தது. புழுவைத் தொடாமலே புழுவைக் கொன்ற இந்த வித்தை எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது.

அப்படியானால் இதையே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. ஒரு நாள் மாத்திரையையே ஒளித்து வைப்பவர்கள் உண்டு. வாரக்கணக்கில் நாள் தவறாமல் ஊரையே விழுங்க வைப்பது யாரால் ஆகும்? தவிர, கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இதைக் கொடுப்பதில்லை. வளரும் பற்களில் மாறாத கறை படியும். எனவே மருத்துவர் பார்த்து, தனி ஒருவருக்குக் கொடுக்கும் மருந்தாகவே இது இருக்கிறது. இதே வேலையைச் சில நாட்களில் முடிக்கும் மருந்தை ஆராய்ச்சியாளர்கள் தேடி வருகிறார்கள்.

புழு செத்தாலும், ஏற்கெனவே பருத்துத் தடித்த கால் பழையபடி ஆகிவிடாது. அந்தக் காலுக்குச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் தினமும் வேண்டும். கழுவியபின் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் மெதுவாகத் துடைத்து, சிறு வெடிப்பிருந்தாலும் களிம்பு தடவ வேண்டும். அந்த வெடிப்பின் வழியாக வேறு கிருமிகள் நுழைவதால்தான் அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து கால் மேலும் பருக்கிறது.