நரிக்குக் கொடுத்த தடுப்பு மருந்து



"மாஸ்டர், சுவிசில் விசர் நாயே இல்லையாம். பிறகு ஏன் எங்கள் நாய்க்கு ஊசி?" என்று எமது வகுப்பு மாணவி ஒருத்தி வினவினாள். நல்ல வினா.

இங்கும் விசர் நோய் இருந்தது. 1967 மார்ச்சில் ஜேர்மன் எல்லையைத் தாண்டி, நரிகள் வழியே சவ்ஹவுசன் மாநிலத்தினுள் அது நுழைந்தது. நரிகளைச் சுட்டும் நோய் நிற்கவில்லை. காட்டு நரியைப் பிடித்து ஊசி போட யாரால் இயலும்? பேர்ண் நகர ஆய்வாளர்கள் கோழித் தலையின் தோலுக்கடியில் தடுப்பு மருந்துப் பையொன்றை ஒளித்து வைத்தனர். 1978 ஒக்டோபர் 17இல் ரோன் பள்ளத்தாக்கில் அத்தலைகளைப் பரப்பினர். நரி கடிக்க, பை கிழிந்து மருந்து அதன் வாயில் பட்டது. விசர் நோய்க்கு எதிராக, காட்டு விலங்குகளுக்கு இவ்வாறு மருந்திட்டது உலகில் அதுவே முதன்முறை. நாம் ஊரில் குப்பையில் எறியும் கோழித் தலைதான்! பள்ளத்தாக்கின் வாயிலிலேயே நோய் மறிக்கப்பட்டது. பின்னர் ஏனைய மாநிலங்களிலும் இம்முறை பரவிற்று. 1999இல் சுவிற்சர்லாந்து விசர் நோயற்ற நாடாயிற்று.

ஆயினும் 2003இல் நியோன் நகரில் ஒரு நாய்க்குட்டிக்கு இந்நோய் கண்டது. அது வட ஆபிரிக்காவிலிருந்து வந்த கிருமி. உள்நாட்டில் மட்டும் வாழும் நாய்க்கு இவ்வூசி கட்டாயமன்று. எல்லை கடந்து சென்று திரும்பும் நாய்க்கு அவசியம். இலங்கையிலிருந்து குட்டியொன்றைக் கொண்டுவர விரும்பும் பிள்ளைகள் அறிக: அடையாளச் சில்லு, ஊசி, முப்பது நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு, இறக்குமதி அனுமதி ஆகியன வேண்டும். கோடை விடுமுறைக்குள் இது முடியாது.

ஊரில் நாம் கற்பித்த காலத்தில் எமது மாணவனொருவனை அவன் வளர்த்த குட்டி கடித்தது. சிறு கீறல்தான். தகப்பனார் ஏசுவார் என்றஞ்சி அவன் மறைத்துவிட்டான். குட்டி இறந்தது. இரு மாதங்களின் பின் அவனால் தண்ணீர் குடிக்க இயலவில்லை. நோய்க்குறி தோன்றியபின் வைத்தியர்களால் காப்பாற்ற முடிவதில்லை. அவனது இருக்கை அவ்வாண்டு முழுதும் வெறுமையாயிருந்தது.

பிள்ளைகளே, விடுமுறைக்கு ஊர் சென்றிருக்கையில் நாயோ பூனையோ கடித்தால், கீறினால், அப்பொழுதே சொல்லுங்கள். பெற்றோர்களே, ஏசவேண்டாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.