பாசத்துக்கு பாஸ்வேர்டு எதற்கு?

எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி. எப்போதும் கலகலவென்று பேசுபவள், நாலைந்து மாதமாக வாயே திறப்பதில்லை. சிநேகிதிகளோடு சேர்ந்து டியூஷன் போவதையும் விட்டுவிட்டாள். செல்போன் அடித்தாலே முகம் வெளிறிப் போகும். "பரீட்சை பயம்க்கா" என்றாள் அவள் அம்மா.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

டியூஷனில் பழக்கமான பையன். முதலில், "சாப்பிட்டியா, பத்திரமா போனியா" என்று அக்கறையாகத்தான் விசாரித்தானாம். பிறகு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை வாங்கிக் கொண்டான். என்ன டிரஸ் போடுவது, யாரோடு பேசுவது எல்லாம் அவன் சொல்படிதான். ஒருமுறை கையை முறுக்கிவிட்டு, "உன் மேல இருக்கிற பாசத்துலதான்" என்றானாம். விலகப் பார்த்தால், "கையை அறுத்துக்குவேன், போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிடுவேன்" என்று மிரட்டல்.

"அம்மாகிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா படிப்பை நிறுத்தி, கல்யாணம் பண்ணி வெச்சிடுவாங்க அத்தை."

தோழிகளே, அந்தப் பையனுடைய பலமே இந்தப் பயம்தான்!

அவள் சம்மதத்தோடு அம்மாவிடம் பேசினேன். "திட்டாதே. உன் படிப்பு நிக்காதுன்னு முதல்ல சொல்லு" என்றேன். அப்படியே சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் பெண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்து, 1098க்கு போன் செய்தோம். பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். மிரட்டல் நின்றது. பரீட்சையும் எழுதினாள்.

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இரண்டும் இலவசம், 24 மணி நேரமும் உண்டு. வேண்டாம் என்ற பிறகும் பின்தொடர்வதும், அவள் போனில், இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவின்படி குற்றம்; முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. பெயர் கெட்டுவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: 2012ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

பெண் பிள்ளைகளிடம், "எது நடந்தாலும் என்கிட்ட சொல்லு, படிப்பு நிக்காது" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். பையனைப் பெற்றவர்களும், ஒரு பெண் வேண்டாம் என்றால் விலகி வரத் தெரிய வேண்டும் என்று சொல்லி வளர்க்கலாமே!

(அந்தத் தாய், மகள் இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

— ஒரு வாசகி, கரூர்.